சூடு நின்ற நாளும் பழுது தொடங்கிய நாளும்: திருப்பூர் டிரையர் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

திருப்பூர் அங்கேரிபாளையம் சாலையை ஒட்டிய ஒரு பனியன் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் இருந்த துணி உலர்த்தும் இயந்திரம் ஆகஸ்ட் மாதத்தில் சூடு தருவதை நிறுத்திவிட்டது. டிரம் சுற்றியது, விசிறி ஓடியது, டைமரும் நகர்ந்தது. கதவைத் திறந்து தொட்டால் மட்டும் துணி ஈரமாகக் குளிர்ந்து கிடந்தது. எனக்கு முன்பு வந்து பார்த்தவர், காயில் (சூடு தரும் கம்பிச்சுருள்) எரிந்துவிட்டது, ஹீட்டர் தொகுப்பை முழுதாக மாற்றவேண்டும், ஐந்தாயிரத்துக்கு மேல் ஆகும் என்று சொல்லிப் போயிருந்தார்.

காயில் எரியவில்லை. சில நூறு ரூபாய்க்குள் அடங்கும் இரண்டு உதிரிகளை மாற்றியதும் சூடு திரும்பிவிட்டது. அவ்வளவில் முடிந்திருந்தால் எழுதி வைக்க ஒன்றுமில்லை. சூடு நின்றது ஆகஸ்டில் ஒரு நாள். பழுது தொடங்கியதோ மார்ச்சில். இடைப்பட்ட மாதங்களில் அந்த இயந்திரம் உலர்த்திய துணிகளின் அளவுகளை நம்பிக் கம்பெனி முடிவெடுத்துக்கொண்டிருந்தது. இயந்திரப் பழுது ஒன்று ஏட்டில் எப்படி நல்ல எண்களாக மாறுகிறது என்பதைப் பழுது பார்ப்பவர்களும் சோதனைக்கூடத்தில் வேலை செய்பவர்களும் அறிந்திருக்கவேண்டும் என்பதற்காகவே இதை விரிவாக எழுதுகிறேன்.

இங்கே டிரையருக்கு என்ன வேலை

கொங்கு நாட்டு வீடுகளில் டிரையரைப் பார்ப்பது அரிது. மொட்டை மாடியும் வெயிலும் இருக்கையில் அதற்குத் தேவையில்லை. ஐப்பசி மழையில்கூட விசிறிக்கடியில் கொடி கட்டிச் சமாளித்துவிடுவோம். ஆனால் திருப்பூரில் தைக்கும் உடுப்பு அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ யாரோ ஒருவர் வீட்டு டிரையரில் உலரப்போகிறது. அங்கே அது எவ்வளவு சுருங்கும் என்பதை இங்கே துணியை வெட்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்ளவேண்டும்.

துணித் துண்டில் அளந்து குறியிடுவார்கள், துவைப்பார்கள், உலர்த்துவார்கள், 20 டிகிரி செல்சியஸும் 65 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள அறையில் போட்டுவைப்பார்கள், பிறகு குறிகளுக்கு இடையே மறுபடி அளப்பார்கள். நீளத்திலும் அகலத்திலும் எத்தனை விழுக்காடு குறைந்தது என்பதுதான் சுருக்க அளவு. அமெரிக்க வாங்குநர்கள் பெரும்பாலும் ஏஏடிசிசி 135 முறையையும், ஐரோப்பிய வாங்குநர்கள் ஐஎஸ்ஓ 6330 முறையையும் கேட்பார்கள். ஐஎஸ்ஓ முறையில் உலர்த்தும் வழிகளுக்கு எழுத்து வரிசையில் பெயர் உண்டு: கொடியில் உலர்த்துவது ஏ, சமதளத்தில் விரித்து உலர்த்துவது சி, டிரையரில் சுழற்றி உலர்த்துவது எஃப். ஒரே துணிக்கு சி வழியில் ஓர் எண்ணும் எஃப் வழியில் வேறோர் எண்ணும் வரும். பருத்திப் பின்னல் துணி ஆலையில் நீளவாக்கில் இழுபட்டு வருகிறது. அந்த இழுவை தளர்ந்து கண்ணிகள் தம் இயல்பான வடிவுக்குத் திரும்புவதுதான் சுருக்கம். துணி புரண்டுகொண்டே உலரும்போது, குறிப்பாகக் கடைசி ஈரம் வெளியேறும் கட்டத்தில், அந்தத் தளர்ச்சியின் கணிசமான பங்கு நடக்கிறது. இந்த ஒரு செய்திதான் பின்னால் கதையையே திருப்பியது.

இயந்திரம் வீட்டு உபயோக அளவுடையது. 230 வோல்ட், ஒற்றை பேஸ், ஹீட்டர் 2000 வாட். அறைக்காற்றை இழுத்து, சூடாக்கி, டிரம்முக்குள் செலுத்தி, ஈரத்தோடு பின்புறக் குழாய் வழியே வெளியே தள்ளும் வகை.

வந்து சேர்ந்த சந்தேகங்கள்

மேலாளர் முதலில் கேட்டது, "ஒரு பேஸ் போயிருக்குமோங்க?" என்பது. கிணற்று மோட்டாரோடு வளர்ந்த கொங்குக்காரர் யாருக்கும் முதலில் வரும் சந்தேகம் இதுதான். அந்தக் கட்டடத்துக்கு மூன்று பேஸ் இணைப்புதான்; ஆனால் இந்த இயந்திரம் அவற்றில் ஒன்றை மட்டுமே எடுக்கிறது. அந்தப் பேஸ் போனால் டிரம்மும் சேர்ந்து நின்றுவிடும். சுற்றுகிறது என்பதே அந்தச் சந்தேகத்துக்குப் பதில்.

கூடத்தின் பொறுப்பாளர் டெக்ஸ்டைல் படித்த இளம்பெண். அவர் அமெரிக்கப் பழுதுபார்ப்புக் காணொளிகளைப் பார்த்து வைத்திருந்தார். "சர்க்யூட் பிரேக்கரில் பாதி விழுந்திருந்தால் சூடு மட்டும் வராதாமே அண்ணா?" என்றார். அந்த நாட்டில் அது சரியான பேச்சு. அங்கே வீட்டுக்கு 120 வோல்ட் கம்பிகள் இரண்டு வருகின்றன. டிரையரின் மோட்டார் ஒரு கம்பியில் 120 வோல்ட்டுக்கு ஓடும். ஹீட்டர் இரண்டுக்கும் குறுக்கே 240 வோல்ட்டில் எரியும். ஒரு கம்பி போனால் சூடு இல்லாமல் டிரம் சுற்றும். நம்மிடம் மோட்டாருக்கும் ஹீட்டருக்கும் ஒரே பேஸ், ஒரே நியூட்ரல். அந்தக் காணொளிகள் சொல்லும் முதல் சோதனை நமக்கு எதையும் காட்டாது. அவற்றில் மற்றதெல்லாம் பொருந்தும்.

மூன்றாவது சந்தேகம் காயில். அதை அளந்து பார்க்காமல் சொல்ல முடியாது.

அளந்தது

பின்பலகையைக் கழற்றுவதற்கு முன்பே கேள்வியைப் பாதியாகக் குறைக்க ஒரு வழி உண்டு. டைமரை முழுச் சூட்டு நிலையில் வைத்து ஓடவிட்டு, வயரில் எத்தனை ஆம்பியர் போகிறது என்று கிளாம்ப் மீட்டரில் பார்ப்பது. (பல டிரையர்களில் டைமரின் கடைசிப் பத்து நிமிடம் துணியை ஆற்றுவதற்காகச் சூடில்லாமல் ஓடும். குமிழ் அங்கே நின்றிருப்பதைப் பழுது என்று நினைத்து அழைப்பவர்கள் உண்டு. அதனால் முதலில் குமிழைப் பார்க்கவேண்டும்.) கிளாம்ப் மீட்டர் மூன்று கம்பிகளும் சேர்ந்த வயரைச் சுற்றினால் ஒன்றும் காட்டாது, போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் ஒன்றையொன்று அழித்துவிடும். கம்பிகளைத் தனித்தனியாகப் பிரித்து வைத்த சிறு நீட்டிப்பு வயர் ஒன்றை இதற்காகவே வைத்திருக்கிறேன். பிளக்கிடத்தில் 228 வோல்ட் இருந்தது. மீட்டர் காட்டியது 1.1 ஆம்பியர். அது மோட்டாருக்கு மட்டும். 2000 வாட் ஹீட்டர் எரிந்தால் அது தனியாகவே 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கவேண்டும். ஆகவே ஹீட்டர் சுற்றில் எங்கோ ஓர் இடத்தில் பாதை முழுதாகத் துண்டித்திருக்கிறது. சூடு குறைவாக வருகிறதா, வரவே இல்லையா என்ற பேச்சுக்கும் அத்துடன் இடமில்லை.

பிளக்கைப் பிடுங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு பின்பலகையைக் கழற்றினேன். டைமரிலிருந்து வரும் மின்சாரம் சுழற்சித் தெர்மோஸ்டாட் (சூட்டை அளவோடு வைக்க ஹீட்டரை அணைத்து ஏற்றுவது), தெர்மல் கட்அவுட் (சூடு மீறினால் மின்சாரத்தைத் துண்டிப்பது), ஹீட்டர் என்ற வரிசையில் போகிறது. எல்லாம் ஒரே தொடரில் இருப்பதால் எது விட்டாலும் வெளியே தெரிவது ஒன்றுதான்: சூடு இல்லை. எதையும் ஊகிக்காமல் ஒவ்வொன்றின் இணைப்பையும் கழற்றித் தனித்தனியாக அளக்கவேண்டும். இணைப்போடு அளந்தால் வேறு வழியாகச் சுற்றி வரும் பாதை மீட்டரை ஏமாற்றும்.

ஹீட்டர் 26.8 ஓம் காட்டியது. 230 வோல்ட்டுக்கு 2000 வாட் என்றால் கணக்குப்படி 26.45 ஓம் வரவேண்டும். காயில் நன்றாகவே இருக்கிறது. மெகர் (மின்கசிவைச் சோதிக்கும் கருவி) வைத்துப் பார்த்ததில் உடலுக்குக் கசிவும் இல்லை. தெர்மோஸ்டாட்டில் தொடர்ச்சி இருந்தது. கட்அவுட்டில் மட்டும் மீட்டர் அசையவே இல்லை. அதன் உடலில் 135 என்று அச்சிட்டிருந்தது. வெப்பம் அந்த அளவைத் தொட்டால் திறந்துகொள்ளும். திறந்தால் தானாக மூடாது. ஒருமுறைக் காவல்.

முன்பு வந்தவர் சொன்னபடி முழுத் தொகுப்பையும் மாற்றியிருந்தாலும் இயந்திரம் சூடாகியிருக்கும் என்பதை இங்கே சொல்லவேண்டும். புதிய தொகுப்பில் தெர்மோஸ்டாட்டும் கட்அவுட்டும் பொருத்தப்பட்டே வருகின்றன. காயில் எரிந்தது என்ற தவறான முடிவு, வேலை முடிந்ததும் சரியானது போலத் தோன்றியிருக்கும். யாரும் அதற்குமேல் தேடியிருக்க மாட்டார்கள்.

இன்னொரு வழியும் உண்டு. அதைச் செய்பவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். கட்அவுட்டின் இரு முனைகளையும் ஒரு துண்டு வயரால் நேராக இணைத்துவிட்டால் அந்த நிமிடமே சூடு வரும். மேலாளர்கூட, சாம்பிள் அவசரம், உதிரி வரும்வரை அப்படி ஓட்டலாமா என்று கேட்டார். முடியாது என்றேன். மீட்டரை வைத்துச் சோதிக்கும் சில நொடிகளுக்குக்கூட நான் அதைச் செய்வதில்லை. அந்த உதிரி திறந்திருக்கிறது என்றால், ஹீட்டர் பெட்டிக்குள் வெப்பம் போகக்கூடாத இடத்துக்குப் போயிருக்கிறது என்று பொருள். சுற்றிலும் பருத்திப் பஞ்சு. அடுத்த அறையில் துணி உருளைகள். மேல் மாடியில் தையல் பகுதி, அதில் வேலை செய்யும் பெண்கள். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையிலான காலத்துக்கு வெளியிட்ட கணக்கில், வீடுகளில் ஆண்டுக்குச் சுமார் 2,900 தீவிபத்துகள் டிரையர்களில் தொடங்கியதாகவும், அவற்றின் முதன்மைக் காரணம், அதாவது 34 விழுக்காடு, இயந்திரத்தைச் சுத்தம் செய்யாமல் விட்டதே என்றும் சொல்லியிருக்கிறது. டிரையர் வீட்டுக்கு வீடு இருக்கும் நாட்டின் கணக்கு அது. பஞ்சு எரியும் விதம் நாட்டுக்கு நாடு மாறுவதில்லை.

பதிவேடு

கட்அவுட் ஏன் திறந்தது என்பதற்கு விடை தேடும்போதுதான் பொறுப்பாளரிடம் சோதனைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கினேன். துணியின் பெயர், ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை), சுருக்க அளவு ஆகியவற்றோடு, உலர்த்தியில் போட்ட நேரத்தையும் எடுத்த நேரத்தையும் அந்தப் பெண் விடாமல் எழுதி வைத்திருந்தார். யாரும் கேட்காமலே செய்த வேலை அது. இந்த நிகழ்வில் மிகச் சிறந்த கருவி அதுதான் என்று மனமாரச் சொல்வேன்.

பிப்ரவரியில் ஒரு சுமை உலர 50 முதல் 55 நிமிடம். மார்ச் மூன்றாம் வாரத்திலிருந்து 60, 65. ஜூனில் 75. ஜூலை நடுவில் 90ஐத் தாண்டுகிறது. அதன் பிறகு குறிப்புப் பகுதியில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வருகிறது: "விசிறி". விசாரித்தேன். "தொண்ணூறு நிமிடம் ஓடியும் லேசாக ஈரம் இருக்கும் அண்ணா. அடுத்த சுமை காத்திருக்கும். அதனால் எடுத்து மேசையில் விரித்து விசிறிக்கடியில் காயவைத்துவிடுவோம்," என்றார்.

காயில் அறுந்தாலோ டைமர் தொடுமுனை எரிந்தாலோ நேரம் இப்படிப் படிப்படியாக ஏறாது. நேற்றுவரை 55 நிமிடம், இன்று சூடே இல்லை என்றுதான் இருக்கும். மாதக்கணக்கில் நேரம் ஏறுகிறது என்றால் காற்றுப் பாதை அடைபடுகிறது. டிரையரில் சூடு பாதி வேலைதான். ஈரத்தை ஏற்றிக்கொண்டு வெளியே போகும் காற்று மறுபாதி. 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத்தான் தாங்கும். 60 டிகிரியில் 130 கிராம் தாங்கும். காற்று நகராவிட்டால் அந்த 130 கிராமைச் சுமந்தபடி டிரம்முக்குள்ளேயே நிற்கும். புகைபோக்கி அடைத்த அடுப்பில் விறகைத் திணிப்பதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. இன்னொரு பக்கம், காற்று இழுத்துச் செல்லாத வெப்பம் ஹீட்டர் பெட்டிக்குள்ளேயே தேங்கும். தெர்மோஸ்டாட் தன் அளவை விரைவில் எட்டி ஹீட்டரை அணைக்கும், ஆறியதும் மறுபடி ஏற்றும், மறுபடி அணைக்கும். சூடு இருக்கும் நேரம் குறையும், உலரும் நேரம் நீளும். பதிவேடு சொன்னது இதைத்தான்.

மார்ச் மூன்றாம் வாரத்தில் என்ன நடந்தது? கூடத்தை அறை மாற்றினார்கள். அதுவரை டிரையர் வெளிச்சுவரை ஒட்டி இருந்தது.

காற்றுப் பாதை

பஞ்சு வடிகட்டியைத் தினமும் சுத்தம் செய்திருந்தார்கள். கண்ணுக்குக் குறை தெரியவில்லை. ஆனால் குழாயடியில் பிடித்தபோது வலைமேல் தண்ணீர் தேங்கி நின்றது. மென்மையாக்கும் பூச்சு ஏறிய துணிகளே நாள்தோறும் அதன் வழியே போய்வந்ததால் கண்ணுக்குத் தெரியாத மெழுகுப் படலம் வலையின் துளைகளை மூடியிருந்தது. சோப்பும் வெந்நீரும் போட்டு மென்மையான பிரஷ்ஷால் தேய்த்ததும் தண்ணீர் வழிந்தோடியது. இது சிறிய பங்குதான்.

பெரிய பங்கு சுவருக்குப் பின்னால் இருந்தது. அறை மாறியபோது, பழைய ஒரு மீட்டர் குழாயோடு மடிப்பு மடிப்பான பிளாஸ்டிக் குழாயைச் சேர்த்து நான்கு மீட்டர் அளவுக்கு நீட்டியிருந்தார்கள். மேசைக்குப் பின்னால் துணி உருளை ஒன்று சாய்ந்து குழாயை நசுக்கியிருந்தது. இரண்டு வளைவுகளுக்குப் பிறகு குழாய் மேற்குச் சுவரின் காற்றுத் துளையில் முடிந்தது. அந்த முனையில் கொசு வலை கட்டியிருந்தார்கள். கட்டியவர் நல்லெண்ணத்தில்தான் கட்டியிருப்பார். கொசுவும் புறாவும் உள்ளே வரக்கூடாது அல்லவா? வடிகட்டியைத் தப்பி வரும் நுண்ணிய பஞ்சுப்பிசிறு முழுவதும் அந்த வலையில் படிந்து, ஈரத்தில் ஊறி, காய்ந்து, மறுபடி ஊறி, அட்டை போல இறுகியிருந்தது. விரல் நகத்தால் உரித்தால் முழுத்தகடாக வந்தது.

அதற்குமேல் காற்று. ஜூனிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே இந்தப் பக்கம் வீசும் காற்றின் வேகம் எல்லோருக்கும் தெரிந்ததே; பல்லடம், உடுமலைப் பகுதிக் காற்றாலைகளுக்கு அறுவடைக் காலம் அது. குழாயின் வாய் அந்தக் காற்றைப் பார்த்தே இருந்தது. சிறு விசிறி உள்ளிருந்து தள்ள, ஆடிக்காற்று வெளியிலிருந்து எதிர்த்துத் தள்ளியது. மார்ச்சில் பத்து நிமிடம் கூடிய நேரம் ஜூன், ஜூலையில் ஏன் அவ்வளவு விரைவாக ஏறியது என்பதற்கு இதைவிடப் பொருத்தமான காரணம் எனக்குத் தெரியவில்லை.

எல்லாவற்றையும் கழற்றுவதற்கு முன் ஒரு சோதனை. ஹீட்டர் இணைப்பு இல்லாத நிலையில் விசிறியை மட்டும் ஓடவிட்டு, வெளிமுனையில் ஒரு நூலைத் தொங்கவிட்டோம். நூல் வெளிப்பக்கம் ஆடவில்லை. இயந்திரத்தின் முதுகிலேயே குழாயைக் கழற்றி அங்கே நூலைக் காட்டினோம்; கிடையாக நீட்டிக்கொண்டு நின்றது. விசிறி நன்றாக இருக்கிறது, அடைப்பு குழாயில்தான் என்பதை அந்தப் பெண்ணும் மேலாளரும் தங்கள் கண்ணால் பார்த்தார்கள். இதற்கு மீட்டர் எதுவும் தேவையில்லை. டிரையர் வைத்திருக்கும் யாரும் செய்து பார்க்கலாம்.

ஹீட்டர் பெட்டியைத் திறந்தபோது உள்ளே காயிலுக்கு அருகில் படிந்திருந்த பஞ்சு பழுப்பாகக் கருகியிருந்தது. விரலில் எடுத்து மேலாளரிடம் காட்டினேன். நேராக இணைத்து ஓட்டும் பேச்சு அத்தோடு நின்றது.

தெர்மோஸ்டாட்டும் சேர்ந்தே போயிருந்தது

அடைப்பு மட்டும் இருந்தால் கட்அவுட் திறந்திருக்கக்கூடாது. 85 டிகிரியில் திறக்கவேண்டிய சுழற்சித் தெர்மோஸ்டாட் அதற்கு முன்பே ஹீட்டரை அணைத்திருக்கும். எனவே அதையும் சோதிக்காமல் விட முடியாது. அறை வெப்பத்தில் மீட்டர் தொடர்ச்சி காட்டியது என்பது அது நல்ல நிலையில் இருப்பதற்குச் சான்றாகாது. ஆறிய நிலையில் மூடியிருப்பதுதான் அதன் இயல்பு. சூட்டில் திறக்கிறதா என்பதே கேள்வி.

வெப்பக்காற்றுத் துப்பாக்கியால் மெல்லச் சூடேற்றி, வெப்பமானியின் முனையை அதன் முகத்தில் ஒட்டிவைத்துப் பார்த்தேன். பெரும்பாலும் 85ஐ ஒட்டியே திறந்தது. ஒருமுறை 100ஐத் தாண்டியும் மூடியே இருந்தது. விரலால் தட்டிய பிறகே விட்டது. தொடுமுனைகள் ஒட்டத் தொடங்கியிருக்கின்றன. காற்று சரியாக ஓடும் இயந்திரத்தில் ஒரு சுமைக்குச் சிலமுறை மட்டும் திறந்து மூடவேண்டிய உதிரி, மாதக்கணக்கில் நிமிடத்துக்கு நிமிடம் திறந்து மூடியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் 8 ஆம்பியரைத் துண்டிக்கும்போது சிறு பொறி எழும்; தொடுமுனை குழிவிழும். கடைசியில் ஒரு நாள் ஒட்டிக்கொண்டு நின்றது. வெப்பம் ஏறிக்கொண்டே போனது. கட்அவுட் தன் கடமையைச் செய்தது.

கட்அவுட்டை மட்டும் மாற்றியிருந்தால் அது சில வாரத்தில் மறுபடி போயிருக்கும். இரண்டையும் மாற்றிக் குழாயை விட்டிருந்தால் சில மாதம் தாங்கியிருக்கும்.

சரிசெய்தது

உதிரிகளைக் கோவை காந்திபுரத்தில் வாங்கினேன். கடைக்காரர் முதலில் எடுத்து நீட்டியது கீசருக்கான கட்அவுட். பார்வைக்கு அதே உருவம், அதே முனைகள், திருகும் அதே இடத்தில் உட்காரும். தண்ணீர் கொதிப்பதற்கு முன்பே திறக்கவேண்டிய உதிரி அது. டிரையரின் ஹீட்டர் பெட்டியில் இயல்பான ஓட்டத்திலேயே திறந்துவிடும். பிறகு யாராவது எரிச்சலில் அதை வயரால் நேராக இணைப்பார்கள். அச்சிட்ட வெப்பநிலையும் ஆம்பியர் அளவும் ஒத்த ஜோடியையே கேட்டு வாங்கினேன். பழைய தெர்மோஸ்டாட் முனையில் பழுத்துப்போன இணைப்புகளை வெட்டி, வெப்பம் தாங்கும் உறையோடு புதியவை போட்டேன். 16 ஆம்பியர் பிளக்கின் ஒரு பின் கறுத்திருந்தது, பிளக்கையும் மாற்றினோம்.

குழாய்க்காகக் கம்பெனியின் கொத்தனாரை அழைத்து வடக்குச் சுவரில் புதிய துளை போடச் சொன்னோம். நான்கு அங்குல வழுவழுப்பான அலுமினியக் குழாய், ஒன்றரை மீட்டருக்குள், ஒரே வளைவு. இணைப்புகளில் திருகு போடாமல் அலுமினிய டேப் ஒட்டினோம். உள்ளே நீட்டும் திருகு முனை பஞ்சைப் பிடித்துவைக்கும். வெளிமுனையில் வலைக்குப் பதிலாக, காற்று வரும்போது திறந்து நின்றதும் மூடும் மூடி. டிரையர் இருக்கும் சிறிய அறையின் கதவு எப்போதும் மூடியே இருக்கும் என்பதால், அதன் அடிப்பகுதியில் காற்று நுழைய வழி வைத்தோம். வெளியே தள்ளும் காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாகவேண்டும்; பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஓட்டிப் பார்த்தது

சூடு வந்துவிட்டது என்பதோடு விட்டுவிட எனக்கு மனமில்லை. மூன்று கிலோ உலர்ந்த துண்டுகளை நனைத்துப் பிழிந்து எடை போட்டோம்: 4.8 கிலோ. வெளியேறவேண்டிய நீர் 1.8 கிலோ. ஒரு கிலோ நீரை ஆவியாக்க ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வேண்டும். ஹீட்டர் எரியும்போது பிளக்கிடத்தில் 221 வோல்ட் இருந்ததால் அது கொடுப்பது சுமார் 1,820 வாட். எந்த வீணும் இல்லாவிட்டால்கூட 40 நிமிடம் ஆகும். இந்த இயந்திரம் 55 நிமிடத்தில் முடித்தது. பிப்ரவரி மாதப் பதிவோடு ஒத்துப்போகிறது. மீட்டரில் 9.2 ஆம்பியர். முதல் அரை மணி நேரத்தில் தெர்மோஸ்டாட் ஹீட்டரை அணைக்கவே இல்லை எனலாம்.

பிறகு பொறுப்பாளரிடம் மீட்டரைக் கொடுத்து, "அம்மிணி, எண்ணைப் பார்த்துக்கொண்டே இருங்கள்," என்று சொல்லிவிட்டு, வெளிமுனையில் முக்கால் பங்கை அட்டையால் மறைத்தேன். சிறிது நேரத்தில் 9.2 திடீரென்று 1.1 ஆனது. மறுபடி 9.2. மறுபடி 1.1. ஜூலை முழுக்க உள்ளே நடந்துகொண்டிருந்தது இதுதான் என்றேன்.

அவர் மீட்டரை வைத்துவிட்டுப் பதிவேட்டை எடுத்தார். "அப்படியானால் ஜூலையில் எஃப் முறை என்று எழுதியதெல்லாம் எஃப் இல்லையே அண்ணா," என்றார். நான் சொல்லாமலே அவருக்கு விளங்கிவிட்டது. கடைசி ஈரத்தை மேசையில் விரித்து விசிறிக்காற்றில் உலர்த்திய துணி, பாதி எஃப், பாதி சி. சுருக்கம் குறைவாகத்தான் காட்டும். இயந்திரம் மோசமாக மோசமாக, துணி நன்றாக இருப்பதாக ஏடு சொல்லியிருக்கிறது.

"விசிறி" என்று குறித்த ஒவ்வொரு துணியிலும் வைத்திருந்த மீதித் துண்டுகளை எடுத்து அவர் மறுபடி சோதித்தார். பெரும்பாலானவை வாங்குநர் கேட்ட 5 விழுக்காட்டுக்குள்ளேயே நின்றன. 160 ஜிஎஸ்எம் சிங்கிள் ஜெர்சி ஒன்று நீளத்தில் 4.1 என்று ஏட்டில் இருந்தது, இப்போது 6.3 காட்டியது. அந்தத் துணி கட்டிங் மேசைக்குப் போகவிருந்தது. மேலாளர் அதை நிறுத்தி, மறுபடி காம்பாக்டிங் (துணியை நீளவாக்கில் அழுத்தி முன்கூட்டியே சுருக்கும் வேலை) செய்ய அனுப்பினார். டி-ஷர்ட்டாகத் தைத்து அனுப்பியிருந்தால், அங்கே ஒரு வீட்டில் முதல் துவையலிலேயே இடுப்புக்கு மேல் ஏறியிருக்கும்.

இப்போது பதிவேட்டில் உலரும் நேரத்துக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. போடும் எடையும் எழுதப்படுகிறது. மூன்று கிலோ சுமைக்கு 70 நிமிடத்தைத் தாண்டினால் சோதனையை நிறுத்திக் குழாயைப் பார்க்கவேண்டும் என்று பொறுப்பாளர் இயந்திரத்தின் மேல் எழுதி ஒட்டியிருக்கிறார். வடிகட்டியை வாரம் ஒருமுறை சோப்புப் போட்டுக் கழுவுகிறார்கள். வெளிமுனையின் மூடி பருவக்காற்றை எப்படித் தாங்கும் என்பதை இனிமேல்தான் பார்க்கவேண்டும்; வடக்குச் சுவர் என்றாலும் காற்று சுழன்று அடிக்கும் மூலை அது. ஜூனில் போய், காற்று பலமாக வீசும் ஒரு பிற்பகலில் அதே மூன்று கிலோ துண்டுகளைப் போட்டு நேரம் பார்ப்பதாக அவரிடம் சொல்லியிருக்கிறேன்.